கணக்கில் ஏறாத நிமிடங்கள்

1942ஆம் ஆண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் நல்ல கூட்டம் வரும் கிளினிக் வைத்திருந்த ஹோவர்ட் ரஸ்க் என்ற டாக்டர், போர் வந்ததும் அமெரிக்க வான்படையில் சேர்ந்து ஜெஃபர்சன் பாரக்ஸ் ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். வார்டுகளில் அவர் கண்டது விசித்திரமான ஒரு சிக்கல். நிமோனியா தீர்ந்து, காய்ச்சல் விட்டு, மருந்தும் முடிந்த பையன்கள் கட்டிலில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அப்படிப் படுத்தே கிடந்தவர்களை ஒருநாள் எழுப்பி நேராக அணிவகுப்புக்கு அனுப்புவார்கள். உடம்பு தாங்காமல் சில நாளில் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.

ரஸ்க் அந்தக் கூரையையே பயன்படுத்திக்கொண்டார். விமானங்களின் சிறு மாதிரிகளைச் செய்து வார்டில் தொங்கவிட்டார். படுத்த வாக்கிலேயே எது எதிரி விமானம், எது நம்முடையது என்று அடையாளம் காணப் பழகலாம். பிறகு வகுப்புகள், விளையாட்டு, கைவேலை, தோட்ட வேலை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. திரும்பி வரும் நோயாளிகள் குறைந்தார்கள். வான்படை அதைத் தன் எல்லா மருத்துவமனைகளுக்குமான திட்டமாக விரித்தது.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுத்தது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மருத்துவமனை அரசாங்கத்துடையது, டாக்டர் அரசாங்கச் சம்பளக்காரர், நோயாளியும் அரசாங்கத்தின் ஆள். சீருடை அணிந்த செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் வார்டு வார்டாகச் சீட்டுக்கட்டும் இசைத்தட்டும் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பொழுதுபோக்குக்கென்றே ஒரு பிரிவு ஏற்பட்டது. 1946 வாக்கில் அந்த மருத்துவமனைகளில்தான் தண்டுவடம் அடிபட்டவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கூடைப்பந்து ஆடத் தொடங்கினார்கள். பந்தை எட்டிப் பிடிக்க உடம்பைத் திருப்புகிறவனுக்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் வலு தோளில் தானாக வந்து சேர்கிறது என்பதை அங்கிருந்த டாக்டர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

மனநல மருத்துவமனைகளிலும் இதே கதைதான். 1955இல் அமெரிக்காவின் மாநில, மாவட்ட மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் சுமார் 5,59,000 பேர். அந்த வளாகங்கள் பல வகையில் கொடுமையான இடங்கள். அவற்றுக்காக ஏங்க எதுவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலானவற்றில் பொழுதுபோக்குத் துறை என்று ஒன்று இருந்தது. சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். கன்சாஸ் மாநிலத்து டொபீகாவில் மெனிங்கர் சகோதரர்கள் நடத்திய புகழ்பெற்ற மருத்துவமனையில் விளையாட்டையும் கைத்தொழிலையும் மருந்துச்சீட்டு எழுதுவது போலவே நோயாளிக்கு நோயாளி வேறுபடுத்தி எழுதித் தந்தார்கள். கோபத்தை அடக்கி அடக்கி நோயாளியானவருக்கு ஒன்று, கூச்சத்தால் ஒடுங்கிப் போனவருக்கு இன்னொன்று.

இன்று அமெரிக்காவில் ‘ரெக்ரியேஷனல் தெரபி’, அதாவது பொழுதுபோக்குச் சிகிச்சை என்பது முறையான தொழில். பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும்; 560 மணி நேரம் மருத்துவமனையிலோ மையத்திலோ பயிற்சி வேண்டும்; 1981இல் ஏற்பட்ட தேசியச் சான்றளிப்புக் குழுவின் தேர்வில் தேற வேண்டும்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். யூட்டா மாநிலம் 1975லேயே உரிமம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ரஸ்க் காலத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. நல்ல மனசும் கொஞ்சம் கிட்டார் வாசிப்பும் போதும். வேடிக்கை என்னவென்றால், படிப்பும் தேர்வும் இல்லாத காலத்தில் இந்த வேலைக்கு மருத்துவமனையில் கேள்வி கேட்காமல் இடம் கிடைத்தது. படித்துப் பட்டம் வாங்கிய பிறகு, அவர்கள் நோயாளியோடு செலவிடும் நேரம் சிகிச்சை நேரம்தானா என்பதே வழக்காகிவிட்டது.

வழக்கு மெடிக்கேரோடு. 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்தது, 65 வயது நிறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 1972இல் செய்த திருத்தத்தால், அந்த வயதை எட்டாத மாற்றுத்திறனாளிகளும் இதற்குள் வந்தார்கள். அதே 1965இன் அக்டோபரில் ஜான்சன் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்திட்டார்: ஆசியர்களுக்குப் பூட்டியிருந்த கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம். அதன் வழியே போன தமிழ் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் பேராசிரியர்களும் இப்போது மெடிக்கேர் அட்டை வைத்திருக்கும் வயதுக்காரர்கள். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்தால் அவர்களும் நான் சொல்லப்போகும் இந்த நிமிடக் கணக்குக்குள்தான் விழுவார்கள்.

மெடிக்கேர் வந்த முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் பொழுதுபோக்குச் சிகிச்சைக்கு மோசமில்லை. சாதாரண மருத்துவமனைகளுக்கு 1983லேயே நோய்க்கு இவ்வளவு என்று நிர்ணயத் தொகை வந்துவிட்டது. ஆனால் பக்கவாதம், விபத்து போன்றவற்றுக்குப் பின் பயிற்சி தரும் மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கு அதிலிருந்து விலக்கு. ஓர் உச்சவரம்புக்குள் அவர்கள் செய்த செலவைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். பொழுதுபோக்குச் சிகிச்சையாளரின் சம்பளமும் அந்தச் செலவில் ஒன்று. நோயாளிகளும் நீண்ட நாள் தங்கினார்கள். 1970களில் தண்டுவடக் காயம் பட்ட ஒருவர் மறுவாழ்வுப் பிரிவில் சராசரியாக 98 நாட்கள் இருந்தார் என்று அமெரிக்க தேசியப் பதிவேடு சொல்கிறது. மூன்று மாதத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் ஒருவரை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகலாம், மீன்பிடிக்கப் பழக்கலாம், ஒரு வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பி எங்கே தடுக்கி நிற்கிறார் என்று பார்த்து மறுபடி பயிற்சி தரலாம். இன்று அதே பதிவேட்டில் அந்த 98 நாள் சுமார் ஒரு மாதமாகச் சுருங்கியிருக்கிறது. பக்கவாதம், எலும்பு முறிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மெடிக்கேர் நோயாளி ஒருவர் இத்தகைய மருத்துவமனையில் இருப்பது சராசரியாக இரண்டு வாரத்துக்கும் குறைவு.

இரண்டு மாற்றங்கள் பொழுதுபோக்குச் சிகிச்சையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தன. முதலாவது 2002 ஜனவரியில்: மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கும் நோயாளிக்கு இவ்வளவு என்று நிர்ணயத் தொகை. இனி பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் தனிச் செலவாகக் காட்டி வாங்கக்கூடிய ஆள் அல்ல. இருக்கிற தொகையிலிருந்து சம்பளம் தர வேண்டிய ஆள். அப்போதும் பல மருத்துவமனைகள் அவர்களை வைத்திருந்தன. காரணம் ‘மூன்று மணி நேர விதி’.

இந்த விதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மறுவாழ்வு மருத்துவமனையில் ஒரு நாள் தங்குவதற்கு ஆகும் செலவு, நர்சிங் ஹோமில் ஆவதைவிட மிக அதிகம். ஆகவே தீவிரமான பயிற்சியைத் தாங்கக்கூடியவர்கள், அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் மட்டும் அங்கே சேர வேண்டும் என்பது மெடிக்கேரின் நியாயமான கவலை. தீவிரத்தை எப்படி அளப்பது? 1985இல் வந்த ஆணை ஒரு அளவுகோல் வைத்தது. நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். வாரத்துக்கு 15 மணி நேரம், அதாவது 900 நிமிடம். பிசியோதெரபியும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் முதன்மை. ஆனால் நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் தேவை என்றால் வேறு சிகிச்சைகளும் அந்த நேரத்தில் சேரலாம் என்ற நெகிழ்வு இருந்தது. பொழுதுபோக்குச் சிகிச்சை அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது மாற்றமாக, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதி அந்த இடுக்கை அடைத்தது. மூன்று மணி நேரத்தில் எண்ணப்படுபவை நான்கு என்று வரையறுத்தார்கள்: பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு-மொழிப் பயிற்சி, செயற்கை உறுப்பு மற்றும் தாங்கிகளுக்கான சிகிச்சை. பொழுதுபோக்குச் சிகிச்சையைத் தடை செய்யவில்லை. கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல், கூடுதலாக. எண்ணிக்கையில் சேராது.

கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 68 வயதுத் தச்சர் ஒருவர். பக்கவாதம் வந்து பத்தாம் நாள். வலக்கை வரவில்லை, பேச்சு குழறுகிறது. காலையில் ஒரு மணி நேரம் பிசியோ, ஒரு மணி நேரம் ஆக்குபேஷனல், மதியம் ஒரு மணி நேரம் பேச்சு. நடுவே டாக்டர், நர்ஸ், சாப்பாடு, ஒரு தூக்கம். நான்கு மணிக்கு அந்த மனிதரிடம் போய், இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருக்கிறது, வாருங்கள் என்றால் என்ன சொல்வார்? இருக்கிற தெம்பு மூன்று மணி நேரத்துக்கே பத்தவில்லை. சிகிச்சையாளருக்கும் அது தெரியும், மேனேஜருக்கும் தெரியும். எண்ணிக்கையில் சேராத நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பானேன் என்ற கேள்வி பட்ஜெட் கூட்டத்தில் எழும். விதி யாரையும் வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. காலியான இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். அமெரிக்கா முழுவதும் பிசியோதெரபிஸ்டுகள் 2,00,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்கள் 20,000 பேர்கூட இல்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று வாசகர் கேட்பது நியாயம். பிங்கோ ஆட்டமும் பலூன் தட்டுவதும்தான் பலர் நினைவுக்கு வரும்; அதைச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் மறுவாழ்வு மருத்துவமனையில் இந்த வேலையின் முதுகெலும்பு, நோயாளியை வெளியே கூட்டிப்போவது. சக்கர நாற்காலியில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். மேல் தட்டில் இருக்கும் பொருளை யாரிடம், எப்படிக் கேட்பது? பில் போடும் இடத்தில் பின்னால் வரிசை நிற்கும்போது, வராத கையோடு பணத்தை எடுப்பது எப்படி? பஸ்ஸின் சாய்தளம் இறங்கவில்லை என்றால் என்ன செய்வது? ஹோட்டல் கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலாக இருந்தால்? பிசியோ அறையில் பத்தடி நடந்து காட்டியவர், தெருவில் நாலு பேர் பார்க்கும் முன்னால் உறைந்துபோகிறார். தச்சருக்கு ஒற்றைக் கையால் மரத்தைப் பிடிக்கும் இடுக்கியைக் காட்டிக் கொடுப்பதும் இதில் சேரும். சுத்தியலை இடக்கைக்கு மாற்றிப் பிடித்து ஆணி அடித்துப் பார்க்கும் மனிதர், சமநிலைப் பயிற்சியையும் கைப்பயிற்சியையும் கவனப் பயிற்சியையும் ஒரே மூச்சில் செய்துகொண்டிருக்கிறார். பயிற்சி என்று தெரியாததால் சலிக்காமலும் செய்கிறார்.

இதே சூப்பர் மார்க்கெட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டிப்போனால் அந்த நேரம் எண்ணப்படும். இதைச் சொன்னால் ஆக்குபேஷனல் தெரபிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். எங்கள் படிப்பு வேறு, பார்வை வேறு என்பார்கள். சரிதான். ஆனால் அவர்கள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்குக் கூடை முடையவும் நெய்யவும் சொல்லிக் கொடுத்த பெண்களிலிருந்து வளர்ந்த தொழில் அது. 1917இல் சங்கம் வைத்தார்கள். கூடை முடைவது வைத்தியமா என்று டாக்டர்கள் பல்லாண்டு கேலி பேசினார்கள். மருத்துவமனைக்கு வெளியே தனியாகச் செய்யும் ஆக்குபேஷனல் தெரபியை மெடிக்கேர் முழுமையாக ஏற்றது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். பேச்சுப் பயிற்சியாளர்கள் தம் பெயரில் நேரடியாக மெடிக்கேருக்குப் பில் அனுப்ப முடிந்தது 2009இல். 2024 ஜனவரியிலிருந்து மனநல ஆலோசகர்களும் குடும்ப ஆலோசகர்களும் அப்படி அனுப்பலாம். கதவு நிரந்தரமாக மூடியதல்ல. ஒவ்வொரு தொழிலும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வாசலில் பல ஆண்டு நின்றுதான் உள்ளே போயிருக்கிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அரசாங்கமே முதலாளியாக இருக்கும் இடத்தில் இந்தச் சிகிச்சையின் மேல் அதற்குச் சந்தேகம் இல்லை. முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகளில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்கள் இன்றும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சக்கர நாற்காலி வீரர்களுக்கான தேசியப் போட்டியை 1981லிருந்தும், கொலராடோ பனிமலையில் மாற்றுத்திறன் வீரர்களுக்கான பனிச்சறுக்கு முகாமை 1987லிருந்தும் அத்துறை நடத்திவருகிறது. அங்கே மெடிக்கேர் பில் கிடையாது, நிமிடக் கணக்கு கிடையாது. ஆள் தேறினால் செலவு குறையும் என்பதே கணக்கு. அதே அரசாங்கம் இன்ஷூரன்ஸ்காரராக மறுபக்கம் வந்து அமர்ந்தவுடன் கை இறுகிவிடுகிறது.

இறுகுவதற்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மெடிக்கேரைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013ஆம் ஆண்டின் மறுவாழ்வு மருத்துவமனைக் கோப்புகளில் 220ஐ எடுத்துப் பார்த்தது. 175 கோப்புகள் விதிகளுக்குப் பொருந்தவில்லை. நாடு முழுமைக்கும் சேர்த்தால் அந்த ஒரே ஆண்டில் சுமார் 570 கோடி டாலர் தகுதியில்லாமல் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. மருத்துவமனைகள் இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஆனால் இப்படி ஒரு அறிக்கையை மேஜையில் வைத்திருக்கும் அதிகாரி, சீட்டாட்டத்தையும் சிகிச்சை நேரமாக எழுதிவிடுவார்களோ என்று பயந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பயம் சட்ட வாசகத்திலேயே ஏறியிருக்கிறது. மனநோயாளிகளுக்கான பகல்நேரச் சிகிச்சையில் செயல்வழிச் சிகிச்சைகளுக்கு மெடிக்கேர் பணம் தரும். ஆனால் அவை முக்கியமாகப் பொழுதுபோக்காகவோ கவனத்தைத் திருப்புவதாகவோ இருக்கக் கூடாது என்று சட்டப்பிரிவே சொல்கிறது. இசை, நடனம், ஓவியம், விளையாட்டு ஆகியவற்றுக்கென்று ஒரு பில் குறியீடும் இருக்கிறது. அதன் விளக்கத்திலும் பொழுதுபோக்குக்காக அல்ல என்ற நிபந்தனை மறக்காமல் இடம்பெறுகிறது. நோயாளி ரசித்துவிட்டால் பணம் கிடைக்காதோ என்று ஐயம் வரும்படி எழுதியிருக்கிறார்கள்.

நர்சிங் ஹோம்களில் நிலைமை இன்னொரு மாதிரி. 1987ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டப்படி ஒவ்வொரு நர்சிங் ஹோமும் செயல்பாட்டுத் திட்டம் நடத்தியாக வேண்டும். புதிதாக வருபவரிடம் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்: படிக்கப் புத்தகம் இருப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பிடித்த இசை? விலங்குகளோடு இருப்பது? வெளிக்காற்று? வழிபாடு? நல்ல கேள்விகள். கர்நாடக சங்கீதம் கேட்டே வளர்ந்த பாட்டிக்கு அங்கே என்ன போட்டுக் கேட்க வைப்பார்கள் என்பது வேறு விஷயம். அதே படிவத்தில் பொழுதுபோக்குச் சிகிச்சை எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று எழுதவும் நீண்ட காலம் இடம் இருந்தது. எழுதினார்கள். முன்பு நிமிடத்துக்கு ஏற்ப நர்சிங் ஹோம்களுக்குப் பணம் கிடைத்த காலத்திலும் அந்த நிமிடங்கள் பணமாக மாறவில்லை. 2019 அக்டோபரில் நிமிட முறையே எடுக்கப்பட்ட பிறகு கேட்கவே வேண்டாம்.

ஏழைகளுக்கான காப்பீடான மெடிக்கெய்டில் சில மாநிலங்கள் கொஞ்சம் தாராளம். இண்டியானா, மிச்சிகன் போன்றவை வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டங்களில் இதைச் சேர்த்திருக்கின்றன. பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அது இருக்கும் என்று உறுதி கிடையாது.

ஆதாரம் உண்டா என்பதுதான் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி. கொலராடோவின் கிரெய்க் மருத்துவமனை தலைமையில் ஆறு மறுவாழ்வு மையங்கள் சேர்ந்து, தண்டுவடக் காயம் பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு எந்தச் சிகிச்சையில் எத்தனை நிமிடம் கிடைத்தது என்று குறித்துவைத்து, ஓராண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பின்தொடர்ந்தன. பொழுதுபோக்குச் சிகிச்சையில் அதிக நேரம் இருந்தவர்கள் பிறகு வெளியுலக வாழ்க்கையிலும் விளையாட்டிலும் கூடுதலாகக் கலந்துகொண்டது தெரிந்தது. மதிப்புள்ள வேலை. ஆனால் அதில் வருவது தொடர்பு. காரணத்தை அது நிரூபிக்கவில்லை. தேறக்கூடியவர்களே வெளியே போகவும் அதிகம் முன்வந்திருக்கலாம். பிசியோதெரபிக்கு இருக்கும் ஆய்வு மலையின் முன்னால் இது குன்றுதான். இந்தத் தொழிலுக்காகப் பேசுகிறவர்கள் சில சமயம் இதை மறைத்து, எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று பேசுகிறார்கள். அப்படிப் பேசுவது அவர்களுக்கே கெடுதல்.

மறுபக்கம் இதையும் கேட்க வேண்டும்: ஆய்வு செய்ய மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை நடந்தால்தானே முடியும்? 2010க்குப் பிறகு நடப்பதே குறைந்துபோன ஒன்றுக்கு ஆதாரம் கொண்டுவா என்பது, ஆளை வெளியே நிறுத்திவிட்டு வருகைப் பதிவேட்டில் ஏன் பெயர் இல்லை என்று கேட்பதுதான்.

1984இல் தொடங்கிய அமெரிக்க பொழுதுபோக்குச் சிகிச்சைச் சங்கம் அந்த 2010 விதியை மாற்றக் காங்கிரஸில் ஒரு மசோதாவுக்காகப் பாடுபட்டுவருகிறது. அதைக் கீழவையில் முன்னெடுத்தவர் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கிளென் தாம்ப்சன். அரசியலுக்கு வருமுன் கால்நூற்றாண்டுக்கு மேல் மறுவாழ்வுத் துறையில் வேலை பார்த்தவர். படித்ததே பொழுதுபோக்குச் சிகிச்சைதான். கட்சிச் சண்டை உச்சத்தில் இருக்கும் சபையில் ஜனநாயகக் கட்சியினரும் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்கள். மசோதா கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சிகிச்சைக் குழுவுக்குத் தலைமை தாங்கும் டாக்டர் இந்த நோயாளிக்குத் தேவை என்று எழுதினால், பொழுதுபோக்குச் சிகிச்சை போன்ற வேறு சில சிகிச்சைகளையும் அந்த மூன்று மணி நேரத்தில் எண்ணலாம். 2010க்கு முன் இருந்த நெகிழ்வை எழுத்தில் திருப்பிக் கொடு, அவ்வளவே.

செலவு ஏறாது என்பது அவர்களுடைய வலுவான வாதம். நோயாளிக்கு நிர்ணயத் தொகைதானே. உள்ளே எந்தச் சிகிச்சை எத்தனை நிமிடம் என்றாலும் மெடிக்கேர் தருவது அதே தொகை. பெருமளவு சரி. ஆனால் இந்த நெகிழ்வால் மூன்று மணி நேரத்தை எட்டமுடியாத சிலரும் எட்டி, நர்சிங் ஹோமுக்குப் போக வேண்டியவர்கள் விலை கூடிய மருத்துவமனையில் சேர்ந்தால் செலவு ஏறத்தான் செய்யும். என்னைக் கேட்டால் சங்கம் இதற்கு ஓர் உச்சவரம்பைத் தானாகவே முன்வைக்கலாம்: வாரத்தின் 900 நிமிடத்தில் இவ்வளவுக்கு மேல் கூடாது, ஒவ்வொரு அமர்வுக்கும் இலக்கும் பலனும் எழுத வேண்டும் என்று. சீட்டாட்டப் பயத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. மசோதா எப்படியும் சுலபமாக நகர்வதில்லை. ஒவ்வொரு காங்கிரஸும் இரண்டாண்டில் முடியும்போது அது காலாவதியாகும். மறுபடி புதிய எண், புதிய கையெழுத்துகள்.

ரஸ்க்கிடம் கற்ற ஒருவரின் வழி தமிழ்நாட்டுக்கும் ஒரு கிளை பிரிகிறது. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நியூயார்க்கில் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயின்று வேலூர் சி.எம்.சி.க்குத் திரும்பினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. இன்றும் ‘ரீஹாப் மேளா’ என்ற பெயரில் பழைய நோயாளிகள் அங்கே ஒன்றுகூடுகிறார்கள். மருத்துவப் பரிசோதனையும் நடக்கிறது, சக்கர நாற்காலிப் பந்தயமும் நடக்கிறது. ரஸ்க்கின் சொந்த நாட்டில் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோடு ஒருமுறை அழிந்தும் இருக்கிறது. கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் இயற்றிய கேர்ஸ் சட்டம் மூன்று மணி நேர விதியை நிறுத்திவைத்தது. அவசரநிலை 2023 மே 11இல் முடியும் வரை, மூன்றாண்டுக்கும் மேல், அந்த நிபந்தனை இல்லாமலே மறுவாழ்வு மருத்துவமனைகள் இயங்கின. அந்தக் காலத்தில் எந்த நோயாளிக்கு என்ன கிடைத்தது, யார் வீட்டுக்குப் போனார்கள், யார் நர்சிங் ஹோமுக்குப் போனார்கள் என்று பார்த்தால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மறுவாழ்வு மருத்துவமனைகள் ஒவ்வொரு நோயாளிக்கும் மெடிக்கேருக்கு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் பிசியோ நிமிடங்களுக்கு இடம் இருக்கிறது, ஆக்குபேஷனலுக்கு இருக்கிறது, பேச்சுப் பயிற்சிக்கு இருக்கிறது. பொழுதுபோக்குச் சிகிச்சைக்கு இல்லை. நர்சிங் ஹோம் படிவத்தில் இருந்த அந்த ஒரு வரி இங்கே கிடையாது.

அதைச் சேர்க்க மசோதா தேவையில்லை, காங்கிரஸ் தேவையில்லை. மெடிக்கேர் நிர்வாகம் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கான விதிகளை வரைவாக வெளியிட்டு, 60 நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. படிவத்தில் வரி சேர்ப்பதும் எடுப்பதும் அதன் வழியாகத்தான் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். சிகிச்சையாளர்கள் மட்டுமல்ல, அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து முதன்முதலாகக் கடைக்குக் கூட்டிப்போன மகளும் எழுதலாம். எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை நடக்கட்டும். நடந்ததை எழுதிவைக்கவாவது முதலில் இடம் கேட்க வேண்டும்.